கூண்டின் முன் நிற்கும் பலகை

(திருப்புட்குழியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இராமாநுசர் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்ட ஊர் இது என்பது வைணவ மரபு. குரு சொன்ன பொருளைச் சீடர் மறுத்துப் பேசிய வரலாறும் அதே மரபில் உண்டு. அந்தத் துணிவைக் கடன் வாங்கிக்கொண்டு, அநேகமாக எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்ட ஒரு கருத்தை இந்த மேடையில் மறுக்கப் போகிறேன். உயிரியல் பூங்கா என்றால் அது குழந்தைகளுக்கானது. ஆகவே அதன் பெயர், சின்னம், விளம்பரம், கூண்டுக்கு முன்னால் நிற்கும் தகவல் பலகை எல்லாமே குழந்தைகளைக் கவரும்படிதான் அமைய வேண்டும் என்பது அந்தக் கருத்து. பெற்றோர் அப்படி நினைக்கிறார்கள். விளம்பரம் வடிவமைப்பவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். விலங்கியல் ஆசிரியனாக மாணவர்களை வண்டலூருக்கும் கிண்டிக்கும் அழைத்துப்போய் வந்தவன் நான். பூங்கா முதலில் பேச வேண்டியது அந்த மாணவர்களைக் கூட்டிவரும் பெரியவர்களிடம் என்பதே என் முடிவு.

நம் மாநிலத்தில் இந்த நிறுவனம் எப்படித் தொடங்கியது என்று பாருங்கள். 1855இல் சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த எட்வர்டு பால்ஃபர் என்ற மருத்துவர், அங்கே உயிருள்ள விலங்குகளை வைத்தால் கூட்டம் வருகிறது என்று கண்டுகொண்டார். கர்நாடக நவாபிடம் இருந்த விலங்குகளையும் கேட்டு வாங்கினார். இந்தியாவின் மிகப் பழைய உயிரியல் பூங்கா என்று இன்று நாம் பெருமைப்படும் வண்டலூர்ப் பூங்காவின் வேர் அதுதான். அருங்காட்சியகத்திலிருந்து 1860களில் மக்கள் பூங்காவுக்கும், அங்கிருந்து 1985இல் வண்டலூர்க் காட்டுக்கும் இடம் மாறியது. இன்று சுமார் 600 ஹெக்டேர் பரப்பு. பால்ஃபர் காடுகளைப் பற்றியும் பஞ்சத்தைப் பற்றியும் எழுதியவர். இந்தியாவைப் பற்றிக் கலைக்களஞ்சியமே தொகுத்தவர். கல்லும் காசும் பாடம் செய்த பறவைகளும் இருந்த கட்டடத்தில், பெரியவர்கள் வந்து கற்றுக்கொள்ளட்டும் என்றுதான் அவர் புலியை வைத்தார்.

அந்தப் புலி எப்போது பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளாக மாறியது என்று ஓர் ஆண்டைச் சுட்ட முடியாது. ஆனால் கிண்டியில் அந்த மாற்றம் பெயரிலேயே ஏறிவிட்டது. ஆளுநர் மாளிகைக் காட்டின் ஒரு துண்டில் அமைந்த பூங்காவைத் தலைமுறை தலைமுறையாகச் ‘சிறுவர் பூங்கா’ என்றுதான் அழைக்கிறோம். அதை ஒட்டிய காடு 1978இல் தேசியப் பூங்கா ஆயிற்று. ஒரு மாநகரத்துக்குள்ளேயே வெளிமானும் புள்ளிமானும் வாழும் காடு உலகத்தில் எத்தனை இடங்களில் இருக்கிறது? அதன் வாசலில் சிறுவர் என்று எழுதியிருப்பதால், பிள்ளை இல்லாத ஒருவர் அங்கே தனியாகப் போகத் தயங்குகிறார். 2024 ஆகஸ்டில் சுமார் 30 கோடி ரூபாய் செலவில் அதைப் புதுப்பித்துத் திறந்தார்கள். பறவைக் கூடங்கள் நன்றாக வந்திருக்கின்றன. பெயரில் ‘இயற்கை’ என்ற சொல் சேர்ந்தது எனக்கு மகிழ்ச்சி. ‘குழந்தைகள்’ என்ற சொல்லும் கூடவே நிற்கிறது.

இனி பலகைக்கு வருகிறேன். 1992இல் வந்த உயிரியல் பூங்கா அங்கீகார விதிகள், ஒவ்வொரு கூண்டின் முன்னாலும் அந்த விலங்கைப் பற்றிய அறிவியல் தகவல் பலகை இருக்க வேண்டும் என்றன. இருக்கிறது. அதை யார், எப்படிப் படிக்கிறார்கள் என்று ஒரு நாள் சும்மா நின்று கவனித்துப் பாருங்கள் என்று என் மாணவர்களுக்குச் சொல்வேன். ஒரு குடும்பம் வரும். பாட்டி, மகள், மருமகன், இரண்டு பிள்ளைகள். கம்பிக்கு அருகே போனதும் பாட்டி, “என்ன எழுதியிருக்கு, படிடா” என்பார். நாலாவதோ ஐந்தாவதோ படிக்கும் பையன் எழுத்துக்கூட்டி வாசிப்பான். விலங்கின் பெயரை வாசிப்பான். இலத்தீன் பெயரை விட்டுவிடுவான். ‘வாழிடம்’, ‘பரவல்’, ‘கருவுற்ற காலம்’ என்று அட்டவணை போலப் போகும். இரண்டு வரியில் சலித்துப்போய் அடுத்த கூண்டுக்கு ஓடிவிடுவான். பாட்டி அங்கேயே நின்று யாரிடமென்று இல்லாமல் கேட்பார்: “இது என்ன திங்கும்? குட்டி போட்டா தானே வளக்குமா? நம்ம பக்கம் இது இருந்துச்சே, இப்ப ஏன் காணோம்?”

இந்தக் காட்சியை நான் பல பூங்காக்களில் பார்த்திருக்கிறேன். படித்துக் காட்டுகிறவர் பெற்றோர், கேட்டுக்கொள்கிறவர் பிள்ளை என்பது வெளிநாட்டில் எழுதப்பட்ட வடிவமைப்புப் பாடம். நம் வீடுகளில் பல இடங்களில் அது தலைகீழ். வாசிக்கிறது பிள்ளை, கேட்கிறது பாட்டி. அப்படியானால் பலகையின் மொழி ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தடங்கலின்றி வாசிக்கும் மொழியாக இருக்க வேண்டும். பலகையின் பொருளோ அறுபது வயதுக்காரர் நின்று யோசிக்கும் பொருளாக இருக்க வேண்டும். இப்போது நடப்பது இதற்கு நேர் எதிர். அறிவியல் பலகை பிள்ளையால் வாசிக்க முடியாத மொழியில் இருக்கிறது. பிள்ளைக்கென்று வைக்கும் பலகையிலோ, கண்ணாடி போட்ட கரடியும் தொப்பி போட்ட முதலையும் ‘வாங்க, விளையாடலாம்’ என்கின்றன. அந்தப் பாட்டியின் மூன்று கேள்விக்கும் எந்தப் பலகையிலும் பதில் இல்லை.

விலங்கு என்றாலே சின்னப் பிள்ளை விஷயம் என்ற எண்ணம் நமக்கு இயல்பானதும் இல்லை. தறியை விட்டு இறங்கி வந்திருக்கும் நெசவாளர்களே, நீங்கள் நெய்யும் சேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். கரையில் யாளி, முந்தியில் அன்னம், உடல் முழுக்க மயில் புட்டா, சில சேலைகளில் இருதலைப்பட்சி. இவற்றைக் கட்டிக்கொள்கிறவள் மணமேடையில் உட்காரும் பெண். யானை வரிசை போட்ட கரையை யாரும் குழந்தைத்தனம் என்று சொல்லிக் கேட்டதில்லை. ஜக்கார்டு அட்டையில் துளை போடுகிறவர் அன்னத்தின் கழுத்து வளைவு ஓர் இழை பிசகினால் அட்டையையே தூக்கிப் போட்டுவிடுவார். காஞ்சி வரதர் கோயிலில் மேல்தளத்தில் இருக்கும் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட வரிசையில் நிற்பவர்கள் யார்? வேலைக்குப் போகிற, கடன் அடைக்கிற, வீட்டைத் தாங்குகிற பெரியவர்கள். ஒரு பல்லியைத் தொட மணிக்கணக்கில் நிற்கக்கூடிய மக்களிடம், விலங்குகளைப் பற்றிப் பெரிய விஷயம் பேச முடியாது என்று எப்படி முடிவு செய்தோம்?

குழந்தைக்கென்றே சின்னமும் பலகையும் அமைப்பதில் எனக்குள்ள பெரிய வருத்தம் இதுதான்: அப்படி அமைந்த பூங்கா எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டியதாகிறது. அது சாவைச் சொல்ல முடியாது. அழிவைச் சொல்ல முடியாது. யாருடைய தவறு என்று சொல்லவே முடியாது.

2021 ஜூன் 3 அன்று வண்டலூரில் நீலா என்ற ஒன்பது வயதுப் பெண் சிங்கம் கொரோனா தொற்றோடு இறந்தது. ஜூன் 16 அன்று பத்மநாதன் என்ற பன்னிரண்டு வயது ஆண் சிங்கம் போயிற்று. மற்ற சிங்கங்களை மருத்துவர்களும் காப்பாளர்களும் பாடுபட்டுக் காப்பாற்றினார்கள். மனிதர்களிடையே பரவிய ஒரு நோய் அகழியைத் தாண்டிச் சிங்கத்தைத் தொட்ட செய்தி அது. அந்தக் கோடையில் தன் வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்த எத்தனையோ பேர் இன்று அந்தச் சிங்கக் கூட்டத்தின் முன் வந்து நிற்கிறார்கள். ‘இங்கே இரண்டு பேர் 2021இல் இறந்தார்கள், இன்ன காரணத்தால்’ என்று ஒரு பலகை அங்கே இருந்தால், அவர்கள் நின்று படிப்பார்கள். பக்கத்தில் நிற்கும் பிள்ளையும் கேட்கும்.

பிள்ளைகள் பயந்துவிடுவார்கள், மனம் உடைந்துபோவார்கள் என்பார்கள். இந்த ஊரில் அந்த வாதம் நிற்காது. விசயராகவப் பெருமாள் மடியில் ஜடாயுவைத் தாங்கி வீற்றிருக்கும் சந்நிதிக்கு நீங்கள் கைக்குழந்தையாக இருந்தபோதே தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். சிறகு வெட்டுண்டு குருதி சிந்தி இறந்த ஒரு கழுகின் கதையைத்தான் உங்களுக்கு முதலில் சொன்னார்கள். அந்தக் கழுகுக்கு இராமன் மகன் நிலையில் நின்று ஈமக்கடன் செய்தான் என்றும் சொன்னார்கள். ஜடாயுவைப் ‘பெரிய உடையார்’ என்று வைணவர்கள் குறிப்பிடுவது உங்களுக்குத் தெரியும். ஒரு பறவையைக் குடும்பத்துப் பெரியவராக வைத்த மரபு இது. அதைக் கேட்டு வளர்ந்த எந்தப் பிள்ளையும் உடைந்துபோகவில்லை. கோயில் அந்தக் கதையைப் பிள்ளைக்காகச் சுருக்கிச் சர்க்கரை தடவவில்லை. பெரியவர்களுக்குச் சொன்னது, பிள்ளைகள் கூட இருந்து கேட்டுக்கொண்டார்கள்.

ஒரு நிறுவனத்தின் சின்னத்திலேயே சாவைச் சொல்ல முடியுமா என்று கேட்டால், சொல்லிக்காட்டியவர் ஒருவர் இருக்கிறார். ஜெரால்டு டரல் 1959இல் ஜெர்சி தீவில் ஓர் உயிரியல் பூங்காவைத் தொடங்கினார். அதற்குச் சின்னமாக வந்தது டோடோ. மொரீஷியஸ் தீவில் வாழ்ந்து, மாலுமிகள் காலடி வைத்ததன் பின் பதினேழாம் நூற்றாண்டிலேயே அற்றுப்போன பறவை.  அந்தப் பூங்காவில் டோடோவைப் பார்க்க முடியாது. உலகில் எங்குமே முடியாது. ‘இதை இழந்தோம், அடுத்ததை இழக்கமாட்டோம்’ என்று வாசலிலேயே சொல்லிவிட்டு அவர்கள் வேலையைத் தொடங்கினார்கள். 1974இல் காட்டில் நான்கே நான்கு பறவைகள்தான் எஞ்சியிருந்த மொரீஷியஸ் வல்லூறை மீட்ட முயற்சியில் அவர்களுக்கும் பங்கு உண்டு. டோடோவைப் பிள்ளைகளுக்கும் பிடிக்கும். ஆனால் அந்தச் சின்னம் பிள்ளைக்காக வரைந்தது அல்ல. பாண்டாக் கரடிச் சின்னமும் அப்படித்தான். லண்டன் பூங்காவில் இருந்த சீ சீ என்ற பாண்டாவைப் பார்த்து 1961இல் உலக வனவிலங்கு நிதியத்துக்காக உருவான சின்னம் அது. கறுப்பு வெள்ளையில் அச்சுச் செலவும் குறைவு. அதற்குத் தொப்பி போடவில்லை, சிரிப்பு வரையவில்லை. உலகத்தின் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதைத் தெரியும்.

வெள்ளைப் புலி முன்னால் திரளும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். பூங்காவின் சுவரொட்டியில் முதலிடம் அதற்குத்தான். 1951இல் ரேவா அரசர் பிடித்த மோகன் என்ற ஒரே புலியின் வழிவந்தவையே இன்று உலகப் பூங்காக்களில் இருக்கும் வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவை. தனி இனமும் அல்ல. நிறத்துக்காக நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர்த்துப் பெருக்கியதால் மாறுகண் முதலான குறைகள் அவற்றுக்கு உண்டு. சொந்தத்துக்குள் மணம் முடிப்பதைப் பற்றி மருத்துவர் சொல்வதைக் கேட்டுப் பழகிய நம் மக்களுக்கு இது ஒரு நொடியில் புரியும். ‘அழகான வெள்ளைப் புலி!’ என்று மட்டும் எழுதிய பலகை, புரிந்துகொள்ளக்கூடிய அந்த மனிதரைச் சும்மா அனுப்பிவிடுகிறது.

இதையெல்லாம்விட அவசரமான ஒன்று இருக்கிறது. பெரியவர்களிடம் பேசாததால் விலங்கும் சாகிறது, மனிதனும் சாகிறான்.

பாறுக் கழுகை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் 1992க்கும் 2007க்கும் இடையில் நூற்றுக்கு 99க்கு மேல் அழிந்துபோயின. மாட்டுக்கு வலிக்கும் வீக்கத்துக்கும் போட்ட டைக்ளோஃபினாக் என்ற மருந்துதான் காரணம் என்று 2004இல் உறுதியானது. ஊசி போட்ட மாடு இறந்தால், அதைத் தின்னும் கழுகின் சிறுநீரகம் செயலிழந்து கழுகும் இறக்கும். கால்நடைகளுக்கு அந்த மருந்தை 2006இல் தடை செய்தார்கள். அதன் பிறகும் மனிதருக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015இல் அந்தக் குப்பியின் அளவையும் 3 மில்லிலிட்டராகக் குறைக்க வேண்டி வந்தது. ஜடாயுவுக்கு எரியூட்டியதாக நம்பும் இந்த ஊரிலிருந்து புறப்பட்டு, தமிழ்நாட்டுக் காட்டில் பாறுகள் கூடு கட்டி வாழ்வதைப் பார்க்க வேண்டுமென்றால் மாயாற்றுப் பள்ளத்தாக்கு வரை போக வேண்டும். ஆற்றோர நீர்மருத மரங்களில் கூடு வைத்திருக்கின்றன. மாட்டுக்கு எந்த ஊசி என்று முடிவெடுப்பவர் யார்? மாடு வைத்திருப்பவரும் ஊசி போடுபவரும். அவர்களுக்குப் பதிலாக எட்டு வயதுப் பிள்ளையிடம் ‘நான் காட்டின் துப்புரவாளர்!’ என்று கார்ட்டூன் கழுகு கைகாட்டி என்ன பயன்?

பாம்புக்கும் இதே கதை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஒரு பெரிய ஆய்வு கணித்தது. ஆண்டுக்குச் சராசரி 58,000. அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் 30 முதல் 69 வயதுக்காரர்கள். கால்பங்குக்கு மேல் 15 வயதுக்குட்பட்டவர்கள். வயலில் வேலை செய்பவர், பின்கட்டில் விறகு எடுப்பவர், தரையில் படுத்துத் தூங்குபவர். ரோமுலஸ் விட்டேக்கர் 1972இல் கிண்டியில் பாம்புப் பண்ணையைக் கொண்டுவந்தபோது, நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் இந்த நான்கையும் மக்கள் நேரில் கண்டு அடையாளம் தெரிந்துகொள்ள ஓர் இடம் கிடைத்தது. பின்னர் 1976இல் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை வந்தது. 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. நாட்டின் விஷமுறிவு மருந்துக்குத் தேவையான விஷத்தில் பெரும்பங்கு அந்த இருளர் கையிலிருந்து வருகிறது. வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்கு 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்தச் சங்கத்தில் பார்வையாளர் கண்முன்னே பானையிலிருந்து பாம்பை எடுத்து விஷம் கறந்து காட்டுவார்கள். அந்தக் குழியைச் சுற்றிப் பெரியவர்கள் வாய் மூடி நின்று கேட்பதை நீங்கள் பார்க்க வேண்டும். வெட்டாதே, இறுக்கிக் கட்டாதே, வாயால் உறிஞ்சாதே, அசையாமல் படுக்க வைத்து அரசு மருத்துவமனைக்குத் தூக்கிப் போ. இந்த நாலு வார்த்தையும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் ஓர் உயிர் மிஞ்சும்.

பெரியவர்களுக்குப் புரிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேடந்தாங்கல் சான்று. அவ்வூரார் துப்பாக்கிச் சத்தத்தை எதிர்த்துப் போராடி, 1798இலேயே ஆட்சியர் லயனல் பிளேஸிடம் பறவைக்குப் பாதுகாப்பு ஆணை வாங்கியவர்கள். பறவை எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பட்டாசு வெடிக்காமல் தீபாவளி கொண்டாடும் வழக்கமும் வந்தது. அவர்களுக்கு எந்தக் கார்ட்டூன் நாரையும் சொல்லித்தரவில்லை. தங்கள் வயலுக்கும் அந்தப் பறவைக்கும் உள்ள தொடர்பு தெரிந்ததால் காத்தார்கள்.

பூங்காவில் தவறு செய்பவர்களும் பெரியவர்கள்தாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். சிப்ஸ் பொட்டலத்தைக் குரங்குக்கு எறிபவர், கண்ணாடியைத் தட்டுபவர், படம் எடுக்கப் பிள்ளையைத் தடுப்புச் சுவர்மேல் ஏற்றி வைப்பவர். 2014 செப்டம்பரில் தில்லிப் பூங்காவில் வெள்ளைப் புலியின் அகழிக்குள் விழுந்து உயிரிழந்தவர் ஓர் இளைஞர். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பூங்காவில் 1963இல் ஒரு கூண்டு வைத்தார்கள். உலகத்திலேயே ஆபத்தான விலங்கு என்று தலைப்பு. உள்ளே ஒரு கண்ணாடி. பார்ப்பவர் தம் முகத்தைத்தான் பார்ப்பார். அது முழுக்க முழுக்கப் பெரியவர்களுக்கான பலகை.

பிள்ளைகளை நான் வெளியே நிறுத்தவில்லை. அவர்கள் உயரத்துக்கு ஒரு பலகை வேண்டும்; சக்கர நாற்காலியில் வருபவருக்கும் அதே உயரம்தான் உதவும். தொட்டுப் பார்க்க மான்கொம்பு, பறவையின் சத்தம், காலடி அச்சு எல்லாம் வேண்டும். சின்ன வயதில் விலங்கின் மேல் பிடிப்பு வந்தவர்களே பின்னாளில் காட்டைக் காக்க வருகிறார்கள் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது; என் மாணவர்களில் சிலர் அப்படி வனத்துறைக்குப் போனார்கள். ஆனால் அந்தப் பிள்ளை வளர்ந்து முடிவெடுக்க இருபது ஆண்டு ஆகும். பாறுக்கும் சோலைமந்திக்கும் அந்த இருபது ஆண்டு கையில் இல்லை. வால்பாறையில் சாலையைக் கடக்கும் சோலைமந்திகள் வாகனத்தில் அடிபடாமல் இருக்க மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள். அந்தச் சாலையில் வண்டி ஓட்டுகிறவர் இன்றைக்கே வண்டலூர்க் கூண்டு முன்னால் வந்து நிற்கிறார்.

பலகையை யார் எழுதுவது? வடிவமைப்பு நிறுவனத்திடம் கொடுப்பதற்கு முன், அந்த விலங்குக்குத் தினமும் தீனி வைக்கும் காப்பாளரிடம் கேட்க வேண்டும். அது எதை ஒதுக்கும், எதற்குப் பயப்படும், யாருடைய குரலுக்கு எழுந்து வரும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பாட்டியின் கேள்விக்குப் பதில் அவரிடம் இருக்கிறது. நான் எழுதிப் பார்த்த பாறுக் கழுகுப் பலகை இது:

‘இது பாறுக் கழுகு. செத்த மாட்டைத் தின்னும். உங்கள் கோழியைத் தூக்காது. மாட்டுக்கு டைக்ளோஃபினாக் ஊசி போட்டு அந்த மாடு செத்தால், அதைத் தின்ற கழுகும் சாகும். இப்படித்தான் இந்தியா முழுக்கப் பாறுகள் செத்தன. இந்த ஊசியை மாட்டுக்குப் போடக் கூடாது என்று 2006 முதல் தடை இருக்கிறது. உங்கள் மாட்டுக்கு வலி என்றால் மெலாக்சிகாம் போடலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். அது கழுகைக் கொல்லாது.’

அச்சுக்குப் போகும் முன் இதைக் கால்நடை மருந்தக வாசலில் மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களிடம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை வாசிக்கச் சொல்லிச் சோதிக்க வேண்டும். பிள்ளை திக்கும் சொல்லை மாற்ற வேண்டும். கேட்பவர் ‘அப்ப நான் என்ன செய்யணும்?’ என்று கேட்கும் இடத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும். பாறு, கண்ணாடிவிரியன், சோலைமந்தி மூன்றுக்கும் எழுதிய தாள்களைக் கொண்டுவந்திருக்கிறேன். இவ்வூர் ஆசிரியர்கள் விரும்பினால், கூட்டம் முடிந்ததும் இங்குள்ள பிள்ளைகளை வைத்தே இந்தச் சோதனையைத் தொடங்கலாம்.